10-க்கு 10 அறையில் இரும்பு லாஃப்ட் கட்டில்: ஃபேன், ஆட்டம், வெக்கை

அண்ணாச்சி, படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் மாடி வாடகை வீடு. பிளஸ் ஒன் படிக்கிற பையனுக்கு 10-க்கு 10 அடி அறை. கட்டிலும் மேசையும் போட்டால் கால் வைக்க இடமில்லை. மேலே படுக்கை, கீழே மேசை என்று இரும்பு லாஃப்ட் கட்டில் போட நினைக்கிறீர்கள். ஆன்லைனில் பெட்டியாக வருவதை வாங்கிப் பூட்டுவதா, பட்டறையில் சொல்லி அடிப்பதா, ஆடாமல் நிற்குமா, நம்மூர் வெயிலுக்கு மேலே படுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போடலாம். ஆனால் தரையை மட்டும் அளந்துவிட்டு ஆர்டர் போடாதீர்கள். இந்தக் கட்டிலில் வருகிற தொந்தரவு பெரும்பாலும் அறையின் மேல்பாதியில்தான் இருக்கிறது. அதிலும் முதல் இடம் சீலிங் ஃபேனுக்கு.

உங்கள் அறையை வைத்தே கணக்குப் போடுவோம். மேசையில் உட்கார்ந்து படிக்கக் கட்டிலுக்குக் கீழே 5 அடி வேண்டும். அதற்கு மேல் சட்டம் 2 இஞ்ச், பிளைவுட் அரை இஞ்ச், மெத்தை 4 இஞ்ச். ஆக மெத்தையின் மேல்மட்டம் 5 அடி ஆறரை இஞ்ச்சில் வரும். வளர்ந்த பையன் மெத்தையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இன்னும் 3 அடி மேலே, அதாவது எட்டரை அடியில் இருக்கும். சோம்பல் முறித்துக் கையைத் தூக்கினால் கிட்டத்தட்ட 10 அடியைத் தொடும். 10 அடி உயர அறையில் ஃபேன் இறக்கை ஏறத்தாழ 9 அடியில் சுற்றுகிறது. 1200 எம்.எம். ஃபேன் என்றால் நடுவிலிருந்து இறக்கை நுனி வரை 2 அடி. அறை நடுவில் மாட்டியிருந்தால் நுனிக்கும் சுவருக்கும் 3 அடிதான் இடைவெளி. 3 அடி மெத்தை வைக்கும் கட்டிலின் வெளி அகலமோ சட்டத்தோடு சேர்த்து 3 அடி 3 இஞ்ச்சுக்குக் குறையாது. சுவரை ஒட்டிப் போட்டாலும் கட்டிலின் விளிம்பு ஃபேன் இறக்கைக்கு அடியில் வந்துவிடுகிறது. போர்வையை உதறினாலும் கொசுவலையை இழுத்தாலும் கை அங்கேதான் போகும். இதில் சமரசமே கூடாது. கட்டில் விளிம்புக்கும் இறக்கை நுனிக்கும் குறுக்காக 3 அடியாவது இருக்க வேண்டும். 10-க்கு 12 அறையிலும், ஃபேன் நடுவில் இருந்தால் இந்த 3 அடி கிடைக்காது. 600 எம்.எம். சின்ன ஃபேன் மாட்டினாலும் 10 அடி அறையில் 9 இஞ்ச்தான் கிடைக்கும், போதாது.

ஆகவே சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு, வலைக்கூடு உள்ள 400 எம்.எம். சுவர் ஃபேன் மாட்டுங்கள். ஆறே கால் அடி மெத்தைக்கான கட்டிலை (சட்டத்தோடு ஏறத்தாழ ஆறரை அடி) 10 அடி சுவரோடு போட்டால் கால்மாட்டில் மூன்றரை அடி மிஞ்சும். அந்தக் கால்மாட்டுச் சுவரில் ஏழரை அடி உயரத்தில் ஃபேனை வைத்தால் காற்று உடம்பின் நீளத்துக்கு அடிக்கும், படுத்தபடி கைக்கும் எட்டாது. கீழே மேசைக்கு அந்தக் காற்று வராது. அங்கே ஒரு டேபிள் ஃபேன் தனியாக வேண்டும். அந்தச் செலவையும் கட்டில் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இன்னும் இரண்டு இடைஞ்சல்கள் நம்மூர் வீடுகளில் வழக்கமாக உண்டு. ஒன்று, 7 அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பரண். அதற்குக் கீழே இந்தக் கட்டில் வரவே வராது, மெத்தைக்கும் பரணுக்கும் ஒன்றரை அடிதான் மிஞ்சும். இன்னொன்று, சுவரில் 7 அடி, 8 அடியில் அடித்திருக்கும் டியூப் லைட். சரியாகத் தலையணை வருகிற இடத்தில் இருக்கும். கட்டில் வருவதற்கு முன்னாலேயே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் பகலிலேயே இருட்டாகத்தான் இருக்கும். மேசைக்கு மேலே 2 அடி எல்.இ.டி. பட்டை விளக்கு ஒன்று கட்டாயம்.

இனி பெட்டியா பட்டறையா என்பது. பெட்டியாக வருவதன் நன்மை, பவுடர் கோட்டிங் நன்றாக இருக்கும், பிரித்து எடுத்துப்போகலாம். குறை, பல மாடல்களில் பைப்பின் கனம் 1 எம்.எம். அளவுக்குத்தான் இருக்கும். அது உடனே ஒடிந்துவிடாது. ஆனால் போல்ட்டை இறுக்கும்போது பைப் நசுங்கும். நசுங்கிய இடத்தில் மறுபடி மறுபடி லூஸ் விழும். வாங்கும் முன் மொத்த எடையைப் பாருங்கள். பெரியவர் படுக்கிற அளவுக்கு உறுதியாக அடித்த கட்டில், ஏணியும் கைப்பிடியும் சேர்த்து 60 முதல் 70 கிலோ வரும். அதில் பாதி எடைதான் என்று போட்டிருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆகும்.

பட்டறையில் சொல்வதாக இருந்தால் வாய்வார்த்தையாக "நல்ல ஸ்ட்ராங்கா அடிங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான்கு கால்களுக்கும் 40-க்கு 40 எம்.எம். அளவில், 2 எம்.எம். கனமுள்ள சதுர பைப். நீளச் சட்டம் இரண்டுக்கும் 50-க்கு 25, 2 எம்.எம். பைப். அதை நிறுத்தி வைத்து, அதாவது 50 பக்கம் செங்குத்தாக வரும்படி பற்றவைக்கச் சொல்லுங்கள். அதே பைப்பைப் படுக்க வைத்தால் வளைவு மூன்று மடங்கு கூடும். அடியில் குறுக்கே 25-க்கு 25, 1.6 எம்.எம். பைப் எட்டு, 9 இஞ்ச்சுக்கு ஒன்று. அதன் மேல் 12 எம்.எம். பிளைவுட். பிளைவுட்டில் அரை அடிக்கு ஒன்றாக 1 இஞ்ச் ஓட்டை போட்டுவிட்டால் மெத்தையின் அடிப்பக்கம் வியர்வை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காது. பைப்பின் திறந்த வாய்களையெல்லாம் தகடு வைத்து அடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கரப்பானுக்கு வீடு.

முக்கியமான ஒன்று, முழுக்கட்டிலையும் ஒரே கூடாகப் பற்றவைத்துவிடக் கூடாது. மாடிப்படி திருப்பத்திலும் 3 அடிக் கதவிலும் அது நுழையாது. தலைமாடு, கால்மாடு இரண்டும் தனித்தனி ஃப்ரேம். நீளச் சட்டம் இரண்டு, பின்பக்கக் கிராஸ் (பெருக்கல் குறி மாதிரி வரும் பட்டை), ஏணி, தடுப்புக் கம்பி ஆகியவை தனி. எல்லாம் எம்8 போல்ட்டில் சேர வேண்டும். சட்டத்தின் முனையில் 5 எம்.எம். தகடு பற்றவைத்து, ஒரு மூட்டுக்கு இரண்டு போல்ட் மேலும் கீழுமாக வரட்டும். ஒரே போல்ட் உள்ள மூட்டு அந்தப் போல்ட்டையே அச்சாக வைத்துச் சுழலும். கால் பைப்பில் போல்ட் நுழைகிற இடத்தில் உள்ளே ஒரு சின்னக் குழாய்த் துண்டை புஷ்ஷாக வைத்துப் பற்றவைத்தால் எவ்வளவு இறுக்கினாலும் பைப் நசுங்காது. பட்டறைக்காரர் இதை வேண்டாத வேலை என்பார். கேட்டு வாங்குங்கள்.

மெத்தையை முதலில் வாங்கிவிட்டு அளவு கொடுப்பது நல்லது. 72, 75, 78 இஞ்ச் என்று மூன்று நீளத்திலும் கடையில் கிடைக்கிறது, அகலம் 36. உள்ளளவு மெத்தையைவிட அரை இஞ்ச் கூடுதலாக இருந்தால் போதும். மெத்தை 4 இஞ்ச்சுக்கு மேல் வேண்டாம். அமெரிக்கப் பாதுகாப்பு விதியில் மேல்கட்டிலின் தடுப்பு, மெத்தையின் மேல்மட்டத்துக்கு மேலே 5 இஞ்ச்சாவது நிற்க வேண்டும், கம்பி இடைவெளி மூன்றரை இஞ்ச்சைத் தாண்டக் கூடாது, 6 வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்க வைக்கக் கூடாது என்று இருக்கிறது. 5 இஞ்ச் என்பது குறைந்தபட்சம். புரண்டு படுக்கிற பையனுக்கு 9, 10 இஞ்ச் வைப்பதே சரி. பலர் தடுப்பைச் சரியாக அடித்துவிட்டு, பிறகு 8 இஞ்ச் ஸ்பிரிங் மெத்தையை வாங்கிப் போடுகிறார்கள். தடுப்பு மெத்தைக்குள் மறைந்துவிடுகிறது. சுவர்ப் பக்கமும் தடுப்பு வேண்டும். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் விழுந்து சிக்குவது முன்பக்கம் விழுவதைவிடக் குறைந்த ஆபத்து என்று நினைக்க வேண்டாம்.

பூட்டுகிற வேலைக்கு வருவோம். பெட்டியோ பட்டறையோ, முறை ஒன்றுதான். இரண்டு பேர் வேண்டும். 13 நம்பர் ஸ்பேனர் இரண்டு (எம்8 போல்ட்டுக்கு அதுதான்), பெட்டியில் வருகிற ஆலன் கீ, டேப், ரசமட்டம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியைத் தரையில் விரித்து அதன் மேல் பாகங்களைப் பரப்பி, தாளைப் பார்த்து எண்ணுங்கள். ஒரு நட் குறைந்தாலும் அப்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். பாதி பூட்டிய கட்டிலை அப்படியே நிறுத்தி வைப்பது ஆபத்து.

தலைமாட்டு ஃப்ரேமையும் கால்மாட்டு ஃப்ரேமையும் ஆளுக்கொன்றாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, முதலில் சுவர்ப் பக்கத்து நீளச் சட்டம், பிறகு முன்பக்கத்துச் சட்டம். எந்தப் போல்ட்டையும் இந்த நேரத்தில் ஸ்பேனர் வைத்து இறுக்காதீர்கள். மரை சரியாக ஏறுகிறதா என்று கையாலேயே நாலு சுற்றுச் சுற்றி விட்டுவிடுங்கள். நேராக நுழையாத போல்ட்டை ஸ்பேனரால் வம்படியாக ஏற்றினால் மரை போய்விடும், பிறகு அந்த ஓட்டை என்றைக்கும் பிடிக்காது. அடுத்து பின்பக்கக் கிராஸ். அதையும் கையிறுக்கமாக மாட்டியபின் மேல் சட்டத்தின் இரண்டு குறுக்களவையும் டேப் வைத்துப் பாருங்கள். 75-க்கு 36 சட்டம் என்றால் இரண்டும் 83 இஞ்ச்சை ஒட்டி வரும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் நீளமான மூலையை உள்நோக்கித் தள்ளி, வித்தியாசம் 5 எம்.எம்.முக்குள் வந்ததும் கீழிருந்து மேலாக, எதிரெதிர் மூலையாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கத்தையே முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கோணல் அப்படியே நிலைத்துவிடும்.

நட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் போதாது, நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போடுங்கள். பெட்டியோடு வருகிற சாதா நட்டை எறிந்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் அதே அளவில் நைலாக் வாங்குவது மிகச் சின்னச் செலவு. படுக்கிறவர் புரளும்போதெல்லாம் மூட்டு முன்னும் பின்னும் அசையும், சாதா நட் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவரும். நைலாக் போட்டாலும் முதல் வாரம் முடிந்ததும் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும்.

பூட்டி முடித்தபின் தரையில் இழுக்காதீர்கள். இழுத்தால் கால் விரிந்து மூட்டெல்லாம் லூஸாகும். சுவரிலிருந்து 2 அடி தள்ளிப் பூட்டி, இரண்டு பேராகத் தூக்கி வைக்க வேண்டும். நம் வீடுகளில் தண்ணீர் ஓடத் தரையைக் கொஞ்சம் சாய்த்திருப்பார்கள், ஒரு கால் தூக்கி நிற்கும். அட்டையை மடித்துக் கொடுப்பது வேலைக்காகாது, வீடு துடைக்கிற ஈரத்தில் ஊறி நசுங்கிவிடும். மரை உள்ள நைலான் பாதம் மாட்டி ரசமட்டம் பார்த்துச் சமன் செய்யுங்கள்.

ஆட்டத்துக்குக் காரணம் இரும்பின் கனம் என்று பலரும் நினைக்கிறார்கள். கனமான பைப்பில் அடித்த கட்டிலும் கிராஸ் இல்லாவிட்டால் ஆடும். உள்பெட்டியை உருவிவிட்ட தீப்பெட்டிக் கூட்டைப் பக்கவாட்டில் அழுத்தினால் எப்படிச் சாய்கிறதோ, நாலு காலும் அப்படித்தான் சாயும். முக்கோணம் விழுந்தால் சாயாது. பின்பக்கம் முழு நீளத்துக்கு 25-க்கு 3 எம்.எம். பட்டையில் பெருக்கல் குறி மாதிரி கிராஸ், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மேல் மூலைகளில் ஒன்றரை அடிக்குச் சாய்வுக் கம்பி. இவை இருந்தால் முக்கால்வாசி ஆட்டம் நின்றுவிடும். முன்பக்கம் மேசைக்கு வழி வேண்டும் என்பதால் அங்கே முழுக் கிராஸ் போட முடியாது, மூலைச் சாய்வு மட்டும்.

மீதி ஆட்டத்துக்குச் சுவர்தான் மருந்து. வீட்டுக்காரரிடம் கேட்டு, சுவர்ப் பக்கத்து இரண்டு கால்களிலும் ஒவ்வொரு எல் பிராக்கெட், மெத்தை மட்டத்துக்குச் சற்றுக் கீழே. செங்கல் சுவரில் ஓட்டை போடும்போது சிமென்ட் இணைப்பில் விழாமல் கல்லில் விழ வேண்டும். திருநெல்வேலி டவுன் பக்கத்துப் பழைய சுண்ணாம்புக் காரை வீடுகளில் ஆங்கர் போல்ட் வேண்டாம். அது விரியும்போது காரை வெடித்து உதிரும். அங்கேயும், ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதிக்காத இடத்திலும், காலுக்கும் சுவருக்கும் நடுவில் தடித்த ரப்பர் துண்டை இறுக்கமாகக் கொடுத்தால் ஓரளவு அடங்கும்.

கிரீச் சத்தம் வேறு விஷயம். அது ஆட்டத்தால் வருவதைவிட, இரும்போடு இரும்பு உரசுவதால் வருவது அதிகம். ஒருவர் மேலே உட்கார்ந்து அசைய, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்த்தால் அதிர்வு எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் குறுக்குப் பைப்போ பிளைவுட்டோ சட்டத்தில் உட்காருகிற இடமாக இருக்கும். பழைய சைக்கிள் டியூபை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி அங்கே கொடுங்கள். மூட்டு உரசினால் கழற்றி மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பூட்டுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் இரண்டு நாள் அமைதியாக இருக்கும், அப்புறம் தூசியைச் சேர்த்துக்கொண்டு முன்னிலும் மோசமாகக் கத்தும்.

ஏணிக்கு உருட்டுக் கம்பி வேண்டாம். வெறுங்காலில் ஏறி இறங்குகிற நமக்கு உள்ளங்கால் வலிக்கும். 2 இஞ்ச் அகலப் படி, 10 இஞ்ச்சுக்கு ஒன்று, எல்லாம் ஒரே இடைவெளி. செங்குத்தாக இல்லாமல் அடிப்பக்கம் ஒன்றரை அடி தள்ளியிருந்தால் ஏறி இறங்கச் சுலபம், பிடிமானமும் கிடைக்கும். ஏணியின் இரு கம்பிகளும் மெத்தைக்கு மேலே ஓர் அடி நீண்டிருக்க வேண்டும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இறங்குகிறவனுக்கு முதலில் கை பிடிக்க ஏதாவது வேண்டும். கால்மாட்டில் மிஞ்சும் மூன்றரை அடியில் ஏணியை வைத்தால் மேசை முன்பக்கம் முழுக்கக் காலியாக இருக்கும். முன் சட்டத்தில் தலை இடிக்காமல் இருக்க, ஏ.சி. செம்புக் குழாய்க்குப் போடுகிற கறுப்பு நுரைக் குழலை நீளவாக்கில் கீறி மாட்டிவிடுங்கள். 5 அடி உயரத்தில் நாற்காலியை விட்டு எழுகிறவன் நிச்சயம் இடித்துக்கொள்வான்.

வெக்கை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு மேலே மொட்டை மாடி என்றால் அக்னி நட்சத்திர நாட்களில் மேல்படுக்கை கஷ்டம்தான். பகல் முழுக்க வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை ராத்திரி முன்பாதியில்தான் கீழே விடுகிறது, படுத்திருப்பவனுக்கும் தளத்துக்கும் நடுவில் நாலு அடிதான். மாடியில் சுண்ணாம்போ வெள்ளை கூலிங் பெயின்ட்டோ அடிக்க வீட்டுக்காரரைச் சம்மதிக்க வையுங்கள், வித்தியாசம் தெரியும். ஜன்னலின் மேல் விளிம்பு வழக்கமாக 7 அடி. மெத்தையோ ஐந்தரை அடியில். ஜன்னல் சுவரோடு கட்டிலைப் போட்டால் ஜன்னலின் மேல்பாதிக் காற்று நேராக உடம்பில் படும். மேற்கு ஜன்னலாக இருந்தால் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றுக்கு ஃபேனே வேண்டாம். ரப்பர் நுரை மெத்தை சூட்டைப் பிடித்து வைக்கும், இலவம்பஞ்சு தேவலை. கோடையில் அதற்கும் மேலே ஒரு பத்தமடைக் கோரைப்பாய் விரித்தால் முதுகு வியர்க்காது. தரையில் படுத்துப் பழகிய பையன் என்றால் பிளைவுட் மேல் பாயும் ஒரு தடித்த ஜமுக்காளமும் போதும், மெத்தையே வேண்டாம். அப்படியும் ஒரு பாயைக் கீழே விரிக்க இடம் விட்டு வையுங்கள். காய்ச்சல் வந்தால் அவன் மேலே ஏறக் கூடாது.

துரு முதலில் பிடிப்பது காலின் அடி நாலு இஞ்ச்சில்தான், தினமும் துடைக்கிற தண்ணீர் பாதத்துக்குள் தங்குவதால். மாதம் ஒருமுறை பாதத்தைக் கழற்றித் துடையுங்கள். பாளையங்கோட்டைக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட்டும் எனாமல் இரண்டு கோட்டும் போதும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் உப்புக் காற்றில் இருப்பவர்கள் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப்பில் அடித்து, பற்றவைத்த இடங்களில் ஜிங்க் பிரைமர் தடவச் சொல்ல வேண்டும். வெல்டிங் சூட்டில் அங்கே மட்டும் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். ஜி.ஐ. பைப்பை வீட்டுக்குள் வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள், அந்தப் புகை கெடுதல்.

கரண்ட் விஷயத்தில் இது இரும்பு என்பது எப்போதும் நினைவில் இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் காலில் கட்டித் தொங்கவிடுவது, ஒயரைச் சட்டத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் கொடுப்பது இரண்டும் கூடாது. ஒயர் நசுங்கித் தோல் கிழிந்தால் கட்டில் முழுக்கக் கரண்ட். போன் சார்ஜ் போட மேலே சுவரிலேயே ஒரு பாயின்ட் எடுத்துவிடுங்கள். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு மாறும்போது கழற்றுவதற்கு முன், ஒவ்வொரு மூட்டின் இரு பக்கமும் ஒரே எண்ணைப் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். பட்டறையில் அடித்த கட்டிலில் ஓட்டைகள் எல்லா மூட்டிலும் ஒரே மாதிரி இருக்காது, இடம் வலம் மாறினால் போல்ட் நுழையாது. நைலாக் நட்டை மறுபடி பயன்படுத்தாமல் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒருமுறை கழற்றியதில் அந்த நைலான் வளையத்தின் பிடி குறைந்திருக்கும். சுவர் ஓட்டைகளை வெள்ளைச் சிமென்ட் வைத்து அடைத்துப் பட்டி பார்த்துவிட்டால் அட்வான்ஸில் பிடித்தம் வராது.